கோகோ வைக்கும் முன் தோப்பை வகை பிரியுங்கள்

கோகோ விலை 2024-ஆம் ஆண்டு உலகச் சந்தையில் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. 2025-இல் வெகுவாக இறங்கிவிட்டது. கன்று காய்ப்புக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே விலையை மட்டும் கேட்டுக் கன்று வாங்குவதைவிட, தம் தோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று விவசாயிகள் முதலில் அறிய வேண்டும்.

கோகோ அமேசான் காட்டில் பெரிய மரங்களின் கீழ் வளர்ந்த மரம். மேற்கு ஆப்பிரிக்காவில் காட்டைக் கழித்து, எஞ்சிய மரங்களின் நிழலில் பயிரிட்டனர். நம் நாட்டில் தென்னையும் பாக்குமே அதற்கு நிழல் தருகின்றன. திருப்பூர் மாவட்டத்தில் உடுமலை, மடத்துக்குளம் பகுதித் தென்னந்தோப்புகள் இதற்கு ஏற்றவை.

நிழலும் நடவு முறையும்

25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 தென்னை இருக்கும். 8 முதல் 25 வயது வரையுள்ள தோப்பில் பொதுவாக நிழல் அடர்த்தியாக இருக்கும். அதற்கு மேற்பட்ட வயதுத் தோப்பே சிறந்தது.

நடவு முறை மூன்று வகைப்படும். நான்கு தென்னைக்கு நடுவே ஒன்று வீதம் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 70 கன்று போதும். பராமரிப்பு எளிது. இரு தென்னை வரிசைகளுக்கு நடுவே 10 அடிக்கு ஒன்றாக ஒற்றை வரிசை நட்டால் சுமார் 175 கன்று வேண்டும். தண்ணீரும் கவாத்துக்கு ஆளும் உள்ளவர்களுக்கு இது ஏற்றது. மூன்றாவது, மிளகு, ஜாதிக்காய், வாழையும் சேர்ந்த பல அடுக்கு முறை. இதில் ஜாதிக்காய் வளர வளரக் கோகோவுக்கு வெளிச்சம் குறையும். எந்த முறையிலும் தென்னையின் அடியிலிருந்து 6 அடிக்குள் கன்று வைக்கலாகாது.

தண்ணீரே தீர்ப்பு சொல்லும்

தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும், கோகோ தாங்காது. தென்னை செழித்திருக்கும் கிணற்று நீரே கோகோவின் இலை ஓரத்தைக் கருகச் செய்யலாம். நொய்யல் கரையோரக் கிணறுகளில் சாயக்கழிவால் உப்பு ஏறியது. கழிவை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் நீங்குவதில்லை. அத்தகைய கிணறு உள்ளவர்கள் கோகோவைத் தவிர்ப்பதே நலம்.

நல்ல தண்ணீர் இருந்தாலும், அது கோடையிலும் நிற்க வேண்டும். வளர்ந்த மரத்துக்குச் சொட்டுநீரில் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் தேவை. வாய்க்கால் முறைப் பாசனத்தை மட்டும் நம்பியுள்ள தோப்பில் இடைக்காலத்தில் கன்று வாடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மேற்கு எல்லையில் காற்றுத் தடுப்பு மரங்களும் அவசியம்.

தோப்பின் வயது, தண்ணீரின் உப்பு, கோடை நீர், ஆள் வசதி ஆகிய நான்கையும் முதலில் எழுதிப் பாருங்கள். மண், நீர் மாதிரிகளைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து முடிவு தெரிந்த பின் குழி எடுங்கள். ஐயம் இருப்பின் முதல் ஆண்டில் 20 கன்று மட்டும் நட்டு, ஒரு கோடை கடந்த பின் விரிவுபடுத்தலாம்.