பைக்கில் பெட்ரோல் வார்னிங் லைட் பொய் சொல்லுதா? லாங் ரைடு கிளம்பும் முன் இதைப் பாருங்க!

மணாலியில் இருந்து லே போகும் வழியில் ஒரு சின்ன ஊர். பெயரே 'தாண்டி'தான். அங்குள்ள பெட்ரோல் பங்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என வைத்திருந்த போர்டு பைக் பயணிகளிடம் ரொம்பவே பிரபலம். அப்படிப்பட்ட ரோட்டில், பெட்ரோல் குறைந்ததைச் சொல்ல வேண்டிய மஞ்சள் லைட் எரியாமலே போனால்?

கார்ப்பரேட்டர் பைக்கில் வண்டி திணறினால், குனிந்து நாபைத் திருப்பி ரிசர்வில் போட்டால் போதும். இன்ஜெக்‌ஷன் பைக்கில் அந்த நாபே இல்லை. லைட்டை நம்பித்தான் ஓட்டணும். அதோடு, டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப்பை பெட்ரோல்தான் குளிர வைக்கிறது. அடிக்கடி வற்ற விட்டால் பம்ப்பும் சூடாகி காலி. அந்தச் செலவு சென்சாரை விட பெரிசு.

லைட் எப்படி எரிகிறது?

ரெண்டு வகை இருக்கு. ஒன்று மிதவை. பெட்ரோல் இறங்க இறங்க மிதவையின் கையும் இறங்கி, மின்தடை மாறும். அதை வைத்து மீட்டர் கணக்குப் போடும். இன்னொன்று தெர்மிஸ்டர். பெட்ரோலில் மூழ்கியிருக்கும் வரை குளிர்ச்சியாக இருக்கும், லைட் எரிய போதுமான கரண்டை விடாது. பெட்ரோல் இறங்கி வெளியே தெரிந்ததும் அது தானாகச் சூடாகி, தடை குறைந்து, லைட் எரியும். இந்த வகை பைக்கில் அழகுக்காக பழைய பல்பை எடுத்துட்டு எல்இடி மாட்டினால் கணக்கே தப்பும். சென்சார் சூடாகத் தேவையான கரண்டை எல்இடி இழுக்காது.

மலைப்பாதையில் லைட் எரிந்து எரிந்து அணைந்தால் பயப்பட வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் சாயும், சென்சாரும் குழம்பும். சமதளத்தில், மெயின் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியும் தப்பாகக் காட்டினால்தான் பழுது.

எங்கே ஆரம்பிக்கணும்?

சென்சாரை அல்ல, கனெக்டரை. டேங்குக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். வாட்டர் வாஷில் தண்ணீர் புகுந்து பின்களில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கலாம், அதிர்வில் லூஸ் ஆகியிருக்கலாம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, அழுத்தி மாட்டிப் பாருங்க. இதிலேயே சரியானால் செலவு ஒரு ஸ்ப்ரே டப்பாதான்.

சரியாகலையா? அப்போ டேங்க்கைத் திறக்கணும். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போங்க. இன்ஜெக்‌ஷன் பைக்கின் ஃபியூல் லைனில் அழுத்தம் இருக்கும், கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். நாமே செய்வதென்றால் இன்ஜின் ஆறியிருக்கணும், பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்கணும், டேங்க் காலியாக இருக்கணும், இடம் திறந்தவெளியாக இருக்கணும். சிகரெட், தீப்பொறி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

வெளியே எடுத்த மிதவையை காதருகே குலுக்குங்க. உள்ளே 'சளக்' என்று சத்தம் வந்தால் பெட்ரோல் புகுந்துவிட்டது. அது மிதக்காது, டேங்க் ஃபுல்லா இருந்தாலும் 'காலி' என்றே காட்டும். சத்தம் இல்லையென்றால், பெட்ரோலை விட்டுத் தள்ளி வைத்து, மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து, கையை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்க. எண் சீராக மாறணும். நடுவில் தாவினாலோ மறைந்தாலோ உள்ளே உள்ள தடம் தேய்ந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, இருப்பதும் போயிடும்.

மாற்றும்போது சென்சார் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்க. சில மாடல்களில் பம்ப்போடு சேர்த்து ஒரே செட்டாகத்தான் தருவார்கள், பில் எகிறும். ரப்பர் சீலையும் புதுசாகப் போடச் சொல்லுங்க. பழையது உப்பிப்போய் திரும்ப உட்காராது, கசியும்.

அதுவரை? ஃபுல் டேங்க் போட்டதும் ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்றால் கணக்குக்கு 450. ஏற்றம், லக்கேஜ், எதிர்காற்று எல்லாம் இருக்கு, அதனால் 330-லேயே பங்க்கைத் தேடுங்க.

புது சென்சார் மாட்டிய பிறகு ஒரு வேலை பாக்கி. காலி டேங்க்கில் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, எத்தனையாவது லிட்டரில் லைட் அணைகிறது என்று குறிச்சு வைங்க. சில மீட்டர்களில் சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் புதுக் கணக்கு வரும். லைட் எரிந்த பிறகு ஏறக்குறைய எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று அந்த எண்தான் சொல்லும்.