நீலக் கட்டங்களும் புள்ளிக்கோடும்

நம் மக்களை எண்களாகச் சொல்கிறார்கள். அந்த எண்களை நாமே படமாக வரைந்து பார்ப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7,21,47,030 பேர். அவர்களில் பட்டியல் சாதியினர் 1,44,38,445 பேர். கேட்டால் மனத்தில் நிற்காது. ஒரு தாளில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டம் போட்டு, இருபதுக்கு நீலம் தீட்டுங்கள். ஐந்தில் ஒருவர் நாம் என்பது எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கிவிடும்.

இதேபோல மாவட்டங்களுக்கும் வரையலாம். திருவாரூருக்கு 34 கட்டம் நீலம், மாநிலத்திலேயே அதிகம். ஆனால் விகிதத்தை மட்டும் வரைந்தால் தலைக்கணக்கு மறைந்துபோகும். பிரிவதற்கு முந்தைய விழுப்புரத்தில் நீலம் 29 கட்டம்தான். மாவட்டம் பெரியது என்பதால் அங்கே நம் மக்கள் 10 லட்சத்துக்கு மேல். திருவாரூரில் 4 லட்சத்துச் சொச்சம். ஆகவே மாணவர் விடுதி கேட்டு மனுக் கொடுக்கப் போகிறவர் இரண்டு படம் கொண்டுபோக வேண்டும்: விகிதத்துக்குக் கட்டப்படம், எண்ணிக்கைக்குப் பட்டைப்படம்.

இனி கன்னியாகுமரி. அங்கே நீலம் நாலே கட்டம், மாநிலத்திலேயே குறைவு. அந்த மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிறித்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்கள், 1990இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் இஸ்லாமியர்களும் வெளியேதான். ஒரே தெருவில் அண்ணன் இந்து, தம்பி கிறித்தவர் என்றால் அண்ணன் நீலக் கட்டத்துக்குள் வருவார், தம்பி வரமாட்டார். தெருவின் பெயரும் ஊரார் நடத்தும் விதமும் இருவருக்கும் ஒன்றே.

தமிழ்நாட்டில் தம்பியைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்போ பிற்படுத்தப்பட்டோரை எண்ணவே இல்லை. மதக் கணக்கில் அவர் வெறும் கிறித்தவர். அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்தக் கணக்கில் விடை கிடையாது.

இதை எப்படி வரைவது? அரசு எண்ணியவர்களுக்கு ஒரு வட்டம், அழுத்தமான கோட்டில். அதைச் சுற்றிப் பெரிய வட்டம், புள்ளிக்கோட்டில். இடைப்பட்ட இடத்தில் ஊகமாக எந்த எண்ணையும் எழுதாதீர்கள். ஒரு பொய் எண் போதும், நம் படம் முழுவதையும் தள்ளிவிட. வெற்றிடமாகவே விடுங்கள், அந்த வெற்றிடம்தான் நம் கேள்வி.

அடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணப்போவதாக ஒன்றிய அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. வாசலுக்கு ஆள் வரும்போது மதத்தைச் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். சாதியையும் சொல்லுங்கள். பதிந்ததைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். புள்ளிக்கோட்டை முழுக்கோடாக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.