காற்றுக் கசிவும் வினையெச்சமும்

கெடாவின் தோட்டப்புறச் சாலைகளில் ஓடும் ஆலைப் பேருந்தையும் செம்பனைக் குலை ஏற்றிய பெரிய லாரியையும் நிறுத்துவது காற்று. பழைய பேருந்தின் இருக்கைகளை அகற்றி, படுக்கையும் அடுப்பும் பொருத்தி, நடமாடும் வீடாக ஆக்கிக்கொள்வோரின் வண்டியிலும் அதே காற்றுத்தான். இயந்திரத்தோடு இணைந்த கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தொட்டிகளில் நிரப்புகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது அக்காற்று குழாய்வழியே சக்கரங்களின் அருகிலுள்ள அறைகளுக்குச் சென்று பிரேக்கை இயக்குகிறது. அழுத்தமானியின் முள் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 100 முதல் 125 இறாத்தல் வரை காட்டும். இவ்வமைப்பில் காற்றுக் கசிந்தால் அதனைக் கண்டறிவது எவ்வாறு, கண்டதைத் தமிழில் சொல்வது எவ்வாறு என்பவையே இவ்வுரையின் பொருள். மொழியியல் படித்தவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

கசிவின் தீமை அது மறைந்திருப்பதில் உள்ளது. இயந்திரம் ஓடும்வரை, வெளியேறும் காற்றைக் கம்ப்ரஸர் ஈடுசெய்துவிடும்; முள் இறங்காது. பாலிங்கிலிருந்து கிரிக் செல்லும் சாலை போன்ற மலைப்பாதையில் இறங்கும்போது, மிதியை மீண்டும் மீண்டும் அழுத்த நேர்ந்தால், செலவும் கசிவும் சேர்ந்து வரவை மிஞ்சிவிடும். ஏறத்தாழ 60 இறாத்தலில் எச்சரிக்கை ஒலிக்கும். 45க்கும் 20க்கும் இடையில் ஸ்பிரிங் பிரேக் தானே பற்றிக்கொள்ளும். அழுத்தப்பட்ட வலிய ஸ்பிரிங் ஒன்றைக் காற்றே பிடித்துவைத்திருக்கிறது. காற்றுப் போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தை நிறுத்துகிறது. இவ்வகை எண்ணம் பழையது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் தொடர்வண்டிக்கு அமைத்த காற்றுப் பிரேக்கில் குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லாமற் போகும். 1872இல் அவரே அதனைத் தலைகீழாக்கி, குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பற்றுமாறு செய்தார். காற்றுப் போவதே காவலாயிற்று. ஆயினும் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும் பேருந்தில் சக்கரங்கள் திடீரெனப் பற்றிக்கொள்வதை எவரும் காவல் என்று கருதமாட்டார்.

கசிவைக் குறிக்கத் தமிழில் வினைச்சொற்கள் பல உள. கூரை ஒழுகும், சுவர் கசியும், ரப்பர் மரத்தில் பால் வடியும், சொட்டும். இவையெல்லாம் நீர்மப் பொருள்மேல் நிற்பவை. காற்றுக்கோ பேச்சுவழக்கில் ‘இறங்குது’, ‘போகுது’ என்ற இரண்டே போதும் என்றிருக்கிறோம். மலாயின் ‘போச்சோர்’ கூரைக்கும் குழாய்க்கும் டயருக்கும் ஒன்றுபோல் பொருந்துவதால் நம் பேச்சிலும் எளிதில் கலக்கிறது. அச்சொல்லோடு எனக்குப் பகையில்லை. ஏர் பிரேக்கைக் ‘காற்றுத் தடுப்பி’ என்று மொழிபெயர்த்ததும் பணி முடிந்தது என்று கருதும் கலைச்சொல் ஆர்வத்தோடுதான் சிறிது மனத்தாங்கல். பழுது பார்க்கும் இடத்தில் பெயர்ச்சொல்லைவிட வினையெச்சமே மிகுந்த பயன் தருகிறது.

எங்ஙனம் எனில், முதலில் சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, தொட்டிகள் நிரம்பியபின் இயந்திரத்தை அணைக்க வேண்டும். நிறுத்து பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கனரக ஓட்டுநர் தேர்வு அளவுப்படி, இழுவைப் பெட்டி பூட்டாத தனி வண்டியில் அந்நிமிடத்தில் 2 இறாத்தலுக்கு மேல் இறங்கலாகாது. பின் மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் ஏற்படும் இறக்கம் இயல்பானது. அதனைக் கழித்தபின் நிமிடத்துக்கு 3 இறாத்தல் எல்லை.

இனிச் சீறும் ஒலி எப்போது எழுகிறது என்று கேட்க வேண்டும். ‘மிதிக்காமலேயே சீறுகிறது’ என்றால் தொட்டி, அதன் வடிகுமிழ், தொட்டிக்குச் செல்லும் குழாய் ஆகியவற்றை நாடலாம். ‘மிதித்தால் மட்டும் சீறுகிறது’ என்றால் மிதி வால்வுக்கு அப்பாலுள்ள குழாய்களிலோ சக்கர அறையின் ரப்பர்ச் சவ்விலோ குறை. ‘நிறுத்து பிரேக்கை எடுத்தால் சீறுகிறது, போட்டால் அடங்குகிறது’ என்றால் ஸ்பிரிங் அறைப் பக்கம். எதிர்மறை எச்சமும் நிபந்தனை எச்சமும் பாதித் தேடலை முடித்துவிடுகின்றன. ‘காத்துப் போகுது’ என்று மட்டும் சொல்லி வண்டியை ஒப்படைக்கும் ஓட்டுநர், பட்டறைக்காரரின் அரைநாளை விழுங்குகிறார்.

ஒலியின் தன்மையும் செய்தி தரும். ஒலிநூலார் உரசொலி என்பது, குறுகிய இடைவெளியில் காற்று நெருக்கிச் செல்லும்போது பிறப்பது; கசிவும் அதுவே. காற்றின் ஈரம் நீக்கும் கருவி அவ்வப்போது ‘புஸ்’ என்று விடுவது வெடிப்பொலி போல ஒருமுறை எழுந்து ஓயும், அது பழுதன்று. ஓயாமல் நீள்வதே கசிவு. தொல்காப்பியர் பிறப்பியலில் உந்தியிலிருந்து எழும் காற்றையும் அது எழுத்தாகும் எட்டு உறுப்புகளையும் பிரித்துரைத்தார். காற்று வெளிவரும் வாய் வேறு, ஒலி உருவாகும் இடம் வேறு. இங்கும் அவ்வாறே. மிதியைத் தொடாதபோதும் ரிலே வால்வின் வாயிலிருந்து காற்று வந்தால் வால்வையே மாற்றிவிடுவோர் உண்டு. ஸ்பிரிங் அறையின் நடுவிலுள்ள அடைப்பு தேய்ந்தாலும் காற்று உள்வழியே மறுபக்கம் புகுந்து அவ்வாயிலேயே வெளிப்படும். நிறுத்து பிரேக்கைப் போட்டதும் ஒலி அடங்கினால் வால்வின்மேல் ஐயம் குறைகிறது.

இடத்தை உறுதி செய்வது சோப்பு நீர். இணைப்புகளில் தூரிகையால் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நைலான் குழாயின் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் இணைப்பில் சரியாக அமராது. நேராக வெட்டி, அடிவரை அழுத்திப் பொருத்தினால் போதும். சட்டத்தில் உராய்ந்து தேய்ந்த குழாயை மாற்றுவதோடு அதன் தடத்தையும் மாற்ற வேண்டும். இல்லையேல் சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் தேயும். மரையில் சுற்றும் நாடாவின் துணுக்கு உள்ளே போனால் வால்வு சரியாக மூடாது. எதைக் கழற்றுமுன்னும் தொட்டியின் அழுத்தத்தை முழுதும் வெளியேற்ற வேண்டும். ஸ்பிரிங் அறையை மட்டும் ஒருபோதும் பிரிக்கலாகாது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். அதனை முழுதாகவே மாற்றுவர். நம் ஈரப்பதமான காற்றில் தொட்டிக்குள் நீர் விரைவில் சேரும். அதனை நாள்தோறும் வடிக்காவிடில் வால்வுகள் துருப்பிடித்துக் கசியத் தொடங்கும்.

காற்றுப்பைகளின்மேல் அமர்ந்த பேருந்துகளிலும் நடமாடும் வீடுகளிலும் இன்னொரு குறி உண்டு. ‘இரவு நின்றால் ஒருபக்கம் சாய்கிறது, இயந்திரத்தை ஓட்டினால் நிமிர்கிறது’ எனின் அப்பக்கத்துப் பையிலோ மட்ட வால்விலோ மெல்லிய கசிவு; பையின் மடிப்பிலும் விளிம்பிலும் சோப்பு நீர் இட்டுப் பார்க்கலாம். ‘ஓட்டியும் நிமிரவில்லை’ எனின் பெருங்கசிவாகவோ மட்ட வால்வை இயக்கும் கோல் வளைந்ததாகவோ இருக்கும். பார்க்கக் குனிவதற்கு முன் சட்டத்தின் அடியில் இரும்புத் தாங்கிகளை நிறுத்த வேண்டும். பை ஒன்று திடீரென இறங்கினால் வண்டியின் எடை முழுதும் அடியில் கிடப்பவர் மேல் வரும்.