கரையில் ஒரு பகல்

உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேச ஸ்ரீமதுரையில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கூடலூருக்குப் பக்கத்திலிருக்கும் இந்த ஊராட்சியிலிருந்து கடல் தெரியாது. ஊட்டிக்குப் போகிற வண்டிகளும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் கூடலூர் வட்டாரத்துத் தேயிலைக் காடுகளில் கப்பலிலிருந்து கரையிறங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 'சிலோன்காரங்க' என்பார்கள். கரையிறங்குதல் என்கிற செயலை அவர்கள் பக்கமிருந்து வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் அந்தச் சொகுசுப் பகல் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கப்பல் காலையில் கொழும்பை அடையும், சாயங்காலம் கிளம்பும். இடையில் எட்டு அல்லது பத்து மணி நேரம். கப்பல் கம்பெனியே பஸ் வைத்து ஊர் சுற்றிக்காட்டும், அதற்குக் காசு தனி. கம்பெனி பஸ்ஸில் போனவர் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தானாகச் சுற்றப் போனவருக்குக் காத்திருக்காது. ஆக, விற்கப்படுவதில் பாதி காட்சி, மீதி பயம். சாப்பாடு கப்பலிலேயே கட்டணத்தில் அடக்கம் என்பதால் கரையிலிருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரருக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. கண்டி சுமார் 115 கிலோமீட்டர். போய்வருவதிலேயே பகல் கரைந்துவிடும். மலை என்பது ஜன்னல் கண்ணாடியில் ஓடுகிற பச்சை. கொழுந்தெடுக்கிற பெண் அந்தப் பச்சையில் ஒரு வண்ணப் புள்ளி.

சுற்றுலாப் பயணியின் பார்வை தனிமனித ரசனை சார்ந்ததில்லை, சமூகம் ஒழுங்குபடுத்தித் தருகிற ஒன்று என்று ஜான் அர்ரி 1990-இல் எழுதினார். மருத்துவனின் பார்வை பற்றி ஃபூக்கோ சொன்னதிலிருந்து அவர் தொடங்குகிறார். சரிதான். ஆனால் அது பெரும்பாலும் மேற்கத்திய விடுமுறைக்காரரை முன்வைத்துச் செய்த ஆய்வு. நமக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. பார்க்கப்பட்டவர்களே ஒருநாள் மூட்டை முடிச்சோடு கப்பலேறியபோது நிகழ்ந்தது என்ன?

கொழும்பு-கண்டி ரயில் பாதை 1867-இல் ஓடத் தொடங்கியது. கோப்பியை இறக்கத்தான் போட்டார்கள். கோப்பி அழிந்தபின் தேயிலையை இறக்கியது. நீராவிக் கப்பல்களில் வந்த வெள்ளைக்காரப் பயணிகள் துறைமுகத்தில் கப்பல் நிற்கிற இடைவெளியில் மலைநாட்டைப் பார்க்க ஏறியதும் அந்தப் பாதையில்தான். அதே மலைநாட்டு 'கோச்சி'தான் நூறாண்டு கழித்துத் தோட்டத் தொழிலாளிகளைத் தலைமன்னார் பக்கம் இறக்கிக்கொண்டு போனது.

1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். தலைகளை எண்ணியவர்கள் டெல்லியில் இருந்தார்கள். தலைக்குரியவரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் முடிவதற்குள் டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்திற்கு வந்தது. (அந்தத் தனுஷ்கோடியின் இடிபாடுகளே இன்று ஒருநாள் சுற்றுலாவின் காட்சிப் பொருள். அங்கே எடுக்கப்படும் புகைப்படங்களில் இந்தக் கதை இருக்காது.)

இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒருகாலத்தில் இலங்கைக்குக் கூலிகளாகப் போனவர்களை நோய்த்தடுப்புக்கென்று அடைத்துவைத்திருந்ததும் மண்டபத்தில்தான். பாட்டனைச் சோதித்து அனுப்பிய கரையில் பேரன் 'தாயகம் திரும்பியவர்' என்கிற பெயரை வாங்கினான். அங்கே அவனுக்குக் 'கள்ளத்தோணி' என்று பெயர், இங்கே 'சிலோன்காரன்'. எட்டு மணி நேரம் கரையிலிருக்கும் உல்லாசப் பயணியை எந்த அரசும் விருந்தாளி என்றே சொல்லும்.

இவர்களைக் குடியமர்த்த 1968-இல் வனத்துறையின் கீழ் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976 முதல் அதுதான் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், சனங்கள் வாயில் 'டான்டீ'. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று காட்டைத் திருத்திக் கொழுந்து நட்டார்கள். பனியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக்குறும்பரும் அதற்கும் வெகுகாலம் முன்பே இங்கிருப்பவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. ஒருவரின் மறுவாழ்வு இன்னொருவரின் காட்டில் நடந்தது.

இன்று ஊட்டிக்கு வருகிறவர்கள் 'பச்சைக் கம்பளம்' என்று வியப்பதில் ஒரு பகுதி இவர்கள் நட்டது. 2024 மே மாதம் முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கு வர இ-பாஸ் வாங்க வேண்டும். மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்கிற கணக்கு நடக்கிறது, நல்லது. அதே மலையில் 2022-இல் டான்டீயின் சுமார் 2,150 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசாணை வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருசம் கொழுந்தெடுத்தவர் 'இனி எங்க போறது?' என்று கேட்டால், அதற்கு எந்தப் பாஸும் இல்லை.

2023 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலொன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்வந்தது. ராமேஸ்வரம்-தலைமன்னார்க் கப்பல் எண்பதுகளில் போரோடு நின்றது, இன்றுவரை ஓடவில்லை. அண்ணன் பந்தலூரிலும் தங்கச்சி அட்டனிலும் என்று பிரிந்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. தினக்கூலியில் மிச்சம் பிடித்து அப்படியொரு உல்லாசக் கப்பலில் சீட்டு வாங்கினாலும், அம்பாந்தோட்டையில் இறங்கி மலையேறி அட்டனில் தங்கச்சியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்புவது ஒரு பகலில் ஆகிற காரியமில்லை.