ஊர் நூலகம் யாருக்கு?

ஒரு கிராமம் எந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது என்று அறிய, அங்குள்ள சாலை, குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றை எண்ணிப் பார்ப்பது நமது வழக்கம். நூலகத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தே எழுதுகிறோம். ஆனால் மற்றவற்றுக்கும் நூலகத்துக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. சாலை அமைத்தால் அதில் யாவரும் நடப்பர். குழாய் வைத்தால் யாவரும் நீர் பிடிப்பர். நூலகம் கட்டினால் மட்டும் யாவரும் வந்துவிடுவதில்லை. கட்டடம் ஊருக்குப் பொதுவாக இருக்க, அதன் பயன் ஒரு சிலருக்கே உரியதாக நின்றுவிடுகிறது. ஆகவே, நூலகம் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அங்கே யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்றும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

செஞ்சி வட்டாரத்தில் இக்கேள்விக்குத் தனிச் சிறப்பு உண்டு. பல மொழி பேசுவோரும், பல சமயத்தினரும், பல தொழில் செய்வோரும் வாழும் பகுதி இது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் ஏறக்குறைய 72 விழுக்காட்டினர். மாநிலத்தின் சராசரியோ 80 விழுக்காடு. இந்த இடைவெளியில் நிற்பவர்களில் பெண்களே மிகுதி. நூலகத்தால் மிகுந்த பயன் அடையத்தக்கவர்களே அதன் வாசலுக்கு வராதவர்களாகவும் இருக்கிறார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

வரி கொடுப்பவர் யார்?

சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, அதாவது 1948-இல், சென்னை மாகாணச் சட்டசபை பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுக்கள் ஏற்பட்டன. சென்னையில் 1896 முதல் இயங்கி வந்த கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகம் ஆயிற்று. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனப் படிப்படியாக விரிந்து, இன்று தமிழ்நாட்டில் பொது நூலகத் துறையின்கீழ் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இயங்குகின்றன.

இவற்றை நடத்தும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டு வரி செலுத்தும்போது, அதனுடன் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. 150 ரூபாய் வீட்டு வரி செலுத்துபவர் 15 ரூபாய் நூலகத்துக்குத் தருகிறார் என்பது கணக்கு. உள்ளாட்சி மன்றங்கள் இதனை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்புகின்றன. வரி கட்டுபவர் படித்தவரா, படியாதவரா என்று யாரும் கேட்பதில்லை. எழுத்தறியாத கூலித் தொழிலாளியும் தன் வீட்டுக்கு வரி கட்டும்போது நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார். எனவே நூலகம் அவருக்குச் செய்யும் உதவி தருமம் ஆகாது. அவர் கொடுத்ததற்கு உரிய கைம்மாறே ஆகும்.

மாட்டு வண்டியில் சென்ற நூல்கள்

நூலகத்தை மக்களிடம் கொண்டு செல்வது புதிய கருத்தன்று. சீகாழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்றார். 1931-இல் அவர் வகுத்துத் தந்த ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகத் துறையினருக்கு வழிகாட்டியாக விளங்குகின்றன. அவற்றின் சாரம் எளியது. நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே. எவராயினும் அவருக்கு வேண்டிய நூல் கிடைத்தாக வேண்டும். எந்த நூலும் தனக்குரிய வாசகரை அடைந்தாக வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் உயிருள்ள ஒன்றைப்போல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இக்கருத்துகள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அதே 1931-ஆம் ஆண்டில், மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டு வண்டியொன்று நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. அதற்கு முன்னரே, 1910-ஆம் ஆண்டையொட்டி, பரோடா சமஸ்தானத்தில் மூன்றாம் சாயாஜிராவ் மன்னர் நூலக இயக்கத்தைத் தொடங்கினார். அங்கே பெட்டிகளில் நூல்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பி, படித்து முடித்தபின் வேறு பெட்டியை மாற்றித் தந்தனர். வாகனம் மாறலாம், பெட்டியின் வடிவம் மாறலாம். வாசகர் வரும்வரை காத்திராமல் நூல் அவரை நாடிச் செல்ல வேண்டும் என்ற கொள்கை மாறவில்லை.

நமது காலத்தில் இதற்கு வாய்ப்பாக அமைந்தது அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம். 2006-இல் தொடங்கி ஐந்து ஆண்டுகளில், அன்றிருந்த 12,618 ஊராட்சிகளையும் தழுவிய இத்திட்டத்தில், ஊராட்சிதோறும் நூலகம் அமைப்பது ஒரு முக்கியப் பணியாக இருந்தது. இவை ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகங்கள் வேறு, இவை வேறு. ஆகவே ஊராட்சி நூலகம் திறந்திருப்பதும் பூட்டிக் கிடப்பதும் பெரும்பாலும் உள்ளூர் நிருவாகத்தின் கையிலேயே இருக்கிறது.

வராதவர்கள் ஏன் வரவில்லை?

நாம் ஊராட்சிகளைப் பார்வையிடச் செல்லும்போது பெரும்பாலும் காண்பது இதுவே: காலையில் செய்தித்தாள் படிக்கும் முதியவர் சிலர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாலிபர் சிலர், விடுமுறை நாளில் சிறுவர் சிலர். இவர்கள் வருவது மகிழ்ச்சிக்குரியது. வராதவர்களைப் பற்றி எண்ணும்போதுதான் நூலகத்தின் குறை தெரிகிறது.

முதலாவது, நேரம். வயல் வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ செல்லும் பெண்களுக்குக் காலையில் ஓய்வு இல்லை. பிற்பகலில் ஓரிரு மணி நேரம் கிடைக்கலாம். கூலி வேலை முடிந்து வரும் ஆடவர்க்கு விளக்கேற்றிய பின்னரே பொழுது. அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் நூலகமும் ஓய்ந்திருந்தால் பயன் என்ன?

இரண்டாவது, இடம். நூலகம் ஊரின் எந்தத் தெருவில் நிற்கிறது என்பது சிறிய செய்தியன்று. ஊர்த் தெருவின் நடுவே அமைந்த நூலகத்துக்கு ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுமி தனியே நடந்து வரத் தயங்குவாளாயின், அது அவள் குறையன்று, இடத்தின் குறை, இடத்தைச் சூழ்ந்த பழக்கத்தின் குறை. திண்ணையில் அமர்ந்திருப்போர் பார்வைக்கு அஞ்சி வராமல் இருப்பவளை, படிப்பில் ஆர்வம் இல்லாதவள் என்று நாம் கணக்கெழுதிவிடுகிறோம். புதிதாகக் கட்டும்போது இரு பகுதியினர்க்கும் பொதுவான இடத்தைத் தெரிந்தெடுப்பதும், ஏற்கெனவே கட்டியிருந்தால் வாரத்தில் சில நாள் நூல்களை அக்குடியிருப்பின் சமுதாயக் கூடத்துக்கு எடுத்துச் செல்வதும் ஊராட்சியின் கடமை.

மூன்றாவது, நிலையான முகவரி. நமது பகுதியில் வாழும் இருளர் குடும்பங்கள் பல, செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் மாதக்கணக்கில் ஊர் விட்டு ஊர் செல்கின்றன. உறுப்பினர் ஆவதற்கு முகவரிச் சான்றும் முன்பணமும் கேட்டால் அக்குடும்பத்துப் பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிடுவர். பள்ளித் தலைமையாசிரியரோ ஊராட்சி மன்றத் தலைவரோ பொறுப்பேற்றால் இவர்களுக்கு நூல் வழங்குவதில் தடை இராது. ஓரிரு நூல் திரும்பி வராமல் போகலாம். அந்த இழப்பைவிட, ஒரு பிள்ளை நூலையே தொடாமல் வளர்வது பேரிழப்பாகும்.

நான்காவது, உடற்குறை. படிக்கட்டு மட்டும் உள்ள கட்டடத்தில் சக்கர நாற்காலி ஏறாது. அச்சு நூல் பார்வையற்றோர்க்குப் பயன்படாது. சென்னையில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் நூல்களுக்கெனத் தனிப் பிரிவே உண்டு. நமது பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. அதன்பின், அச்சிட்டதைப் படிக்க இயலாதோர்க்காக ஒரு நூலை ஒலி வடிவிலோ பிரெயிலிலோ மாற்றித் தரச் சட்டம் இடமளிக்கிறது. இதே நோக்குடன் 2013-இல் மராக்கேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை முதன்முதல் ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாவே. கிராமத்தில் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு சாய்தளமும், ஒலிநூல் கேட்க ஒரு கருவியும், வாசித்துக் காட்ட ஒருவரும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

நடக்க இயலாத முதியோர், நோயாளிகள் ஆகியோரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டு சேர்க்கும் நூலக நண்பர்கள் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. இது மன்னார்குடி வண்டியின் வழிவந்தது எனலாம்.

செஞ்சியின் பல குரல்கள்

மக்களுக்கு ஏற்ற நூல் என்றால் என்ன? செஞ்சியையே எடுத்துக்கொள்வோம். இவ்வூரை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரைப் பற்றிய தொன்மையான கல்வெட்டும் அங்கே உண்டு. மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். கோட்டையை நாயக்கர்களும், பீஜப்பூர் சுல்தானின் படையினரும், 1677-இல் சிவாஜியும், பின்னர் முகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துக் கைக்கொண்டனர். தமிழ், தெலுங்கு, மராத்தி, பாரசீகம், பிரெஞ்சு, ஆங்கிலம் என எத்தனையோ மொழிகள் இந்த மலைகளின் அடியில் ஒலித்திருக்கின்றன. தேசிங்கு ராஜன் கதை தெருக்கூத்திலும் பாட்டிலும் இன்றும் வாழ்கிறது.

2025 ஜூலையில், மராத்தியரின் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நமது செஞ்சிக் கோட்டை. தொலைவிலிருந்து வருவோர் இக்கோட்டையைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கேட்கும்போது, அவர்கள் விடை சொல்ல வேண்டாவா? இவ்வட்டாரத்து நூலகம் ஒவ்வொன்றிலும் உள்ளூர் வரலாற்றுக்கென ஓர் அலமாரி இருத்தல் வேண்டும். அச்சான நூல்களோடு, முதியோர் சொல்லும் செய்திகளையும் பாடல்களையும் மாணவர்கள் எழுதிச் சேர்த்து வைக்கலாம். இன்ன சமயத்தார், இன்ன சாதியார் என்னும் வேறுபாடின்றி, ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோரின் சுவட்டை அங்கே காண இயல வேண்டும்.

உழவர்க்கும் தனித் தேவை உண்டு. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டைகளைக் கொண்டு வரும் விவசாயி, அன்றைய விலையையும் பூச்சி நோய்க்கு மருந்தையும் அறிய விரும்புகிறார். அவருக்குத் தடித்த நூல் வேண்டுவதில்லை. அன்றைய செய்தியும் தெளிவான சிறு வெளியீடும் வேண்டும். எழுத்தறியாதோர்க்கு மாலையில் ஒருவர் உரக்க வாசித்துக் காட்டினால் அதுவும் நூலகப் பணியே. கணினியும் இணையமும் உள்ள நூலகங்களில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள அரிய நூல்களைச் செலவின்றிப் படிக்கலாம். விண்ணப்பம் அனுப்பவும், தேர்வு முடிவு அறியவும் பிள்ளைகள் நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

இத்தகைய பல்வகைப் பணியையே இன்று உலகம் பொது நூலகத்திடம் எதிர்பார்க்கிறது. வயது, பால், சமயம், மொழி, சமூக நிலை ஆகிய எந்த வேறுபாடும் இன்றி யாவர்க்கும் நூலகம் திறந்திருக்க வேண்டும் என்னும் கொள்கையை, 1949 முதல் 2022 வரை திருத்தப்பட்டு வந்த யுனெஸ்கோ பொது நூலக அறிக்கை வலியுறுத்துகிறது. சிங்கப்பூர்ப் பொது நூலகங்களில் ஆங்கிலம், சீனம், மலாய் நூல்களுக்கு அருகே தமிழ் நூல்களும் இடம் பெற்றிருப்பது இக்கொள்கையின் விளைவைக் காட்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

பெருஞ்செலவின்றி உடனே செய்யக்கூடியவை சில உண்டு.

1. நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கிராம சபையில் வைத்து முடிவு செய்தல். பெண்களையும் கூலித் தொழிலாளரையும் கேட்டபின்னரே நேரம் குறித்தல்.

2. நூலகத்தைக் கவனிக்க ஒரு சிறு குழு அமைத்தல். அதில் மகளிர் சுய உதவிக் குழுவினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளி, ஆசிரியர், மாணவர் ஆகியோர் இடம் பெறுதல்.

3. தொலைவிலுள்ள குக்கிராமத்துக்கும் குடியிருப்புக்கும் 50 நூல்கள் கொண்ட பெட்டியொன்றை மாதந்தோறும் மாற்றி அனுப்புதல்.

4. வாரம் ஒரு மாலை வாசித்துக் காட்டுதலும், சிறுவர்க்குக் கதை சொல்லுதலும் நடத்துதல்.

5. வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர் வந்தனர் என்பதோடு, ஊரின் எந்தப் பகுதியினர் வந்தனர் என்பதையும் குறித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்தல்.

கடைசியாகச் சொன்னதே மற்றவற்றுக்கு அடிப்படை. ஒரு தெருவிலிருந்து எவருமே வரவில்லை என்று பதிவேடு காட்டுமானால், அத்தெருவில் உள்ளோரை ஊராட்சி மன்றத்தார் நேரில் சென்று கேட்க வேண்டும். காரணம் தெரிந்தால் வழியும் பிறக்கும். அவர்களும் வரி கொடுத்துத் தாங்கும் நிலையம் இது. அங்கே தங்களுக்கும் ஓர் இருக்கை உண்டு என்று ஊரின் கடைக்கோடிக் குடும்பமும் உணரும்போதே, ஊராட்சி கட்டிய அந்த ஓர் அறை ஊருக்கு உரிய நூலகம் ஆகிறது.