தன்னாய்வும் வாழ்விலக்கும்: சி. வி. வேலுப்பிள்ளையை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

தன்னையறிதல் என்னும் கருத்துத் தமிழ்ச் சிந்தனை மரபுக்குப் புதியதன்று. சித்தர் பாடல்கள் அதனை வீடுபேற்றுக்குரிய நெறியாகப் பேசின. வள்ளுவர், குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்திலே, முதலில் தன் குற்றத்தை நீக்கிப் பின்னரே பிறர் குற்றத்தை நோக்குமாறு அரசனுக்கு அறிவுறுத்தினார். முன்னையது உலகைத் துறப்பவனுக்குக் கூறப்பட்டது. பின்னையது உலகை ஆள்பவனுக்குக் கூறப்பட்டது. உழைத்து வாழ்பவன், அல்லது உழைப்பாளர் வீட்டிலே பிறந்து கல்வியால் உயர்ந்தவன், தன்னை எவ்வாறு ஆராய்வது? தான் மதிக்கும் விழுமியங்களுக்கு இயைந்த இலக்கொன்றை எவ்வாறு தெரிவது? இவ்வினாவை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பின்னணியில் விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று வெளிவரும் சுயமுன்னேற்ற நூல்கள் இவ்வினாவுக்கு எளிதான விடையொன்றைத் தருகின்றன. ஒருவன் தனித்திருந்து, தனக்கு முக்கியமானவற்றை எழுதி, அவற்றுக்கேற்ப இலக்குகளை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கின்றன. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், விழுமியங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அந்நூல்கள் கேட்பதில்லை. மனித சாரம் என்பது தனிமனிதனுள் உறையும் ஒரு பொருளன்று, சமூக உறவுகளின் தொகுதியே என்பது மார்க்ஸ் உணர்த்திய உண்மை. இத்தாலிய அறிஞர் கிராம்சி சிறையிலிருந்து எழுதிய குறிப்பேடுகளில் இதனை மேலும் விளக்கினார். வரலாறு எண்ணிறந்த சுவடுகளை எம்முள் இட்டுச் சென்றுள்ளது. ஆனால் அவற்றுக்கு ஒரு பட்டியலை வைத்துச் செல்லவில்லை. அப்பட்டியலைத் தயாரிப்பதே தன்னாய்வின் தொடக்கம் என்பது அவர் கருத்தாகும்.

தோட்டத் தொழிலாளியின் வாழ்விலே இலக்கு என்பது நெடுங்காலமாகப் பிறரால் விதிக்கப்பட்ட ஒன்றாகவே இருந்துவந்துள்ளது. பறித்த கொழுந்தின் நிறை விதித்த அளவை எட்டினால் ‘முழுப்பேர்’, எட்டாவிடின் ‘அரைப்பேர்’. ஒரு மனிதரின் பெயரே ஒரு நாள் உழைப்பின் அளவாகிவிட்ட விந்தையை இச்சொல்வழக்கிற் காணலாம். அளவுகோல் யாருடையது என்ற வினா, ஆகவே, தோட்டத்திலே தத்துவ விசாரமன்று. அன்றாடக் கூலியின் வினா. அதனைத் தம் வாழ்வினூடாகக் கேட்டுக்கொண்டவர்களுள் ஒருவராக சி. வி. வேலுப்பிள்ளையை (1914–1984) நாம் கருதுகிறோம்.

வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த வேலுப்பிள்ளை, கங்காணிக் குடும்பமொன்றின் வழிவந்தவர். தோட்டத்தின் படிநிலையிலே துரைக்குக் கீழும் தொழிலாளிக்கு மேலும் நின்ற இடம் அது. ஆங்கிலக் கல்வி பெறும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. கொழும்பு நாலந்தா கல்லூரியிற் பயின்றார். 1934இல் இரவீந்திரநாத் தாகூர் இலங்கை வந்தபோது, தாம் ஆங்கிலத்தில் எழுதிய ‘விஸ்மாஜினி’ என்ற இசைநாடகத்தை அவரிடம் கையளித்த இளைஞர் அவர். அக்கால ஆங்கிலங் கற்ற இளைஞன் ஒருவனுக்கு இதனினும் பெரிய இலக்கு இருந்திருக்க முடியாது.

அவ்வழியே சென்றிருப்பின் கொழும்பின் ஆங்கில இலக்கிய வட்டங்களில் மதிப்புள்ள ஒரு கவிஞராக அவர் நிலைத்திருப்பார். ஆனால் 1950களில் வெளிவந்த, தேயிலைத் தோட்டத்தைப் பாடும் அவரது ஆங்கில நெடுங்கவிதை வேறொரு திசையைக் காட்டுகின்றது. அதன் பொருள் பெரட்டுக்களமும் கொழுந்து மலையும் லயக் காம்பராவும் ஆகும். 1970இல் வெளிவந்த அவரது ஆங்கில நடைச்சித்திர நூலும் உழைக்கப் பிறந்த அம்மாந்தரையே பொருளாகக் கொண்டது. ஒருவரது தன்னாய்வை அவரது மனத்துட் புகுந்து காணவியலாது. அவர் எதனை விடுத்தார், எதனை ஏற்றார் என்பதிலேயே காணவியலும். அவ்வகையில் இம்மாற்றத்தை, தாம் கற்ற கல்வியையும் தாம் பிறந்த மண்ணையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்த ஒருவரின் தெரிவாக நாம் கொள்ளலாம்.

இத்தெரிவினுள்ளும் ஒரு முரண்பாடு இருந்தது. யாரைப் பற்றி அவர் எழுதினாரோ அவர்களால் அவ்வெழுத்தைப் படிக்க முடியவில்லை. இவ்விடத்து மீனாட்சியம்மையை ஒப்புநோக்குதல் பொருத்தமாகும். கோ. நடேசய்யரின் துணைவியாரும் தொழிற்சங்கப் பணியில் அவருக்குத் தோழியுமான மீனாட்சியம்மை, இந்தியத் தொழிலாளரின் நிலையைப் பாடல்களாக இயற்றி 1940இல் வெளியிட்டார். கூட்டங்களிலே தாமே பாடியும் வந்தார். எழுத்தறியாத பெண்ணும் கேட்டு, மனனஞ் செய்து, மலையிலே பாடத்தக்க வடிவம் அது. வேலுப்பிள்ளையின் ஆங்கிலமோ வெளியுலகின் மனச்சாட்சியை நோக்கியது. இரண்டும் தேவையானவையே; எனினும் இரண்டின் கேட்போரும் ஒருவரல்லர்.

அம்முரண்பாட்டை அவர் படிப்படியாகக் களைய முற்பட்டார். அவரது ஆங்கிலக் கவிதை சக்தீ அ. பாலையாவின் ஆக்கத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாகி 1969இல் வெளிவந்தது. ‘வீடற்றவன்’ (1981), ‘இனிப்படமாட்டேன்’ (1984) ஆகிய நாவல்கள் தமிழில் நூலுருப் பெற்றன. தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ எனத் தந்தமை இவ்வரிசையிலே தனிக்கவனத்துக்குரியது. தாகூரிடம் தமது படைப்பைக் கொண்டு சென்ற இளைஞர், முதுமையிலே தோட்டத்துப் பெண்களின் படைப்பைச் செவிமடுத்து எழுதுபவராகிறார். பேசுபவர் கேட்பவராக மாறிய இம்மாற்றமே தன்னாய்வின் முதிர்ச்சி எனலாம்.

அவரது அரசியல் வாழ்வும் இதனையே விளக்குகின்றது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினரானார் வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் சட்டங்கள் தொடர்ந்தன. மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். 1952 தேர்தலிலே தோட்டப்பகுதி மக்களின் வாக்கு இல்லாதொழிந்தது. பாராளுமன்ற ஆசனம் ஓர் இலக்காக மட்டும் இருந்திருப்பின், அதனை இழந்ததுடன் அவரது பணியும் முடிந்திருக்கும். அது ஒரு விழுமியத்துக்குரிய கருவியாக இருந்தமையாலேயே கருவி போனபின்னரும் பணி தொடர்ந்தது. தொழிற்சங்கமும் பத்திரிகையும் நாவலும் அவருக்குப் புதிய கருவிகளாயின. 1965இல் தோன்றிய தொழிலாளர் தேசிய சங்கத்தில் வி. கே. வெள்ளையனோடு இணைந்து அவர் பணியாற்றினார்.

இதிலிருந்து நாம் பெறும் விளக்கத்தை மூன்று வினாக்களாகச் சுருக்கலாம். முதலாவது, நான் நிற்கும் இடம் யாருடைய உழைப்பால் அமைந்தது? தோட்டத்துப் பட்டதாரி ஒருவரின் கல்விக்குப் பின்னால் ஒரு தாயின் கொழுந்துக்கூடை உண்டு. தம்பிக்காகப் பள்ளியை விட்ட ஓர் அக்காவும் இருக்கக்கூடும். இரண்டாவது, என் வெற்றியை அளக்கும் அளவுகோல் யாருடையது? லயத்தை விட்டு வெளியேறுவது இழுக்கன்று. அது நியாயமான விருப்பமே. வெளியேறுதல் மட்டுமே வெற்றி என்று கொள்ளுமிடத்து, அங்கே எஞ்சியிருப்போர் தோற்றவர் ஆகிவிடுகின்றனர். அவ்வளவுகோலைத்தான் நாம் ஐயுற வேண்டும். மூன்றாவது, கையிலுள்ள கருவிகொண்டு இன்று செய்யக்கூடியது யாது? ஒரு டிவிசனில் முதியோர் பாடும் ஒப்பாரிகளைப் பதிவுசெய்தல், மாலையிலே பத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தல், சேமலாப நிதி, பிறப்புப் பதிவு முதலியவற்றுக்கான படிவங்களை நிரப்பித் தருதல் போன்றவை சிறியன. ஆயினும் செய்தோமா இல்லையா என ஆண்டிறுதியிற் சரிபார்க்கத்தக்கன. சரிபார்க்க முடியாத இலக்கு வெறும் விருப்பமாகவே எஞ்சும்.

தன்னாய்வு பூர்சுவாக்களின் பொழுதுபோக்கு, அமைப்பு மாறினால் மனிதர் தாமே மாறுவர் என்று கூறும் தோழர்களும் உளர். அவர்களுக்கு விடையாக எமது அணியின் வரலாற்றையே முன்வைக்கிறோம். 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்கள் இடதுசாரிகள். அவர்களே பங்காளிகளாயிருந்த ஐக்கிய முன்னணி ஆட்சியில், 1973–74இல் தோட்டங்களிலே பட்டினி நிலவியது. மரண வீதம் உயர்ந்தது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் காணியின் உடைமையை மாற்றின. அக்காணியில் உழைத்தவர்களுக்கோ நிலம் கிட்டவில்லை. அமைப்பைப் பற்றிய கோட்பாடு சரியாக இருந்தும், விழுமியத்துக்கும் செயலுக்கும் இடையே விழுந்த இடைவெளியை உரிய வேளையில் அளந்து பார்க்கத் தவறினோம். சங்கங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். தலைமைப் பதவிகளோ பெரும்பாலும் ஆண்களிடமே இருந்துவந்துள்ளன. தொழிலாளருக்காகப் பேசும் இயக்கம் தன்னையும் அதே தராசில் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கியது. 2023இல், இம்மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபவனி ஒன்று நிகழ்ந்தது. தம்மை மலையக மக்கள் எனத் தாமே பெயரிட்டு நடந்த அந்நடை, ஒரு சமூகம் கூட்டாகத் தன் சுவடுகளின் பட்டியலை எழுத முனைந்த செயலென்றே கொள்ளத்தக்கது. நிலமும் வீடும் நியாயமான கூலியும் பற்றிய கோரிக்கைகள் அப்பட்டியலில் முன்னிற்கின்றன.

அப்பட்டியலில் ஒவ்வொருவரும் தமக்குரிய ஒரு வரியைத் தெரிந்து, அதற்குப் பொறுப்பேற்றலே விழுமியத்துக்கு இயைந்த இலக்காகும். பிறர் தராசு சொல்லும் முழுப்பேரும் அரைப்பேரும் ஒருநாட் கூலியின் அளவு மட்டுமே. எமது பேரை எதனால் அளப்பது என்பதை நாமே தீர்மானிக்கும்போதுதான் தன்னாய்வு தனிமனித ஆறுதல் என்ற நிலையைக் கடந்து, சமூக மாற்றத்தின் ஒரு கூறாகும் என்பது எமது துணிபு.