புள்ளி ஒன்று, பாடசாலை பல

பல்கலைக்கழக அனுமதி என்றதும் எம்மவர் பலரது நினைவுக்கு வருவது உயர்தரப் பரீட்சையே. நாடு முழுவதும் ஒரே நாளில் எழுதப்படும் பரீட்சை, யாரென்று அறியாத ஒருவர் திருத்தும் விடைத்தாள். இந்த நினைவோடு கனடாவில் பிள்ளைகளின் கல்வியைப் பார்க்கும்போது பல விடயங்கள் பிடிபடாமற் போகின்றன.

ஒன்ராரியோ மாகாணத்தில் அவ்வாறான பொதுப் பரீட்சை இல்லை. 13ஆம் வகுப்பு முடிவில் இருந்த மாகாணப் பரீட்சை 1967 உடன் கைவிடப்பட்டது. இன்று 12ஆம் வகுப்பின் ஆறு பாடங்களது சராசரியே பிரதான அளவுகோல். அப்புள்ளிகளை இடுபவர்கள் அந்தந்தப் பாடசாலை ஆசிரியர்கள். ஒருவர் கைதளர்த்திப் புள்ளியிடுவார், மற்றவர் இறுக்கிப் பிடிப்பார். ஒரு பாடசாலையின் 92 இன்னொன்றின் 85க்குச் சமனாகலாம். இடங்களைவிடப் பன்மடங்கு விண்ணப்பங்கள் வரும் பீடம் ஒன்று இவ்விரண்டையும் எவ்வாறு ஒப்பிடுவது?

வோட்டர்லூ பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒரு பாடசாலையிலிருந்து முன்னைய ஆண்டுகளில் வந்த மாணவர்கள் 12ஆம் வகுப்பில் எடுத்த சராசரியையும், பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் எடுத்த சராசரியையும் அது ஒப்பிட்டது. இரண்டுக்கும் இடையிலான வீழ்ச்சியே அப்பாடசாலைக்குரிய திருத்தப்புள்ளி. போதிய மாணவர்கள் வராத பாடசாலைகளுக்குப் பொதுச் சராசரி பயன்படுத்தப்பட்டது. தகவலறியும் சட்டத்தின் மூலம் பத்திரிகையாளர்கள் பெற்ற பட்டியல் 2018 இல் வெளியானது. பொது வீழ்ச்சி ஏறத்தாழ 16 புள்ளிகள். ஒரு பாடசாலைக்கோ அது 27ஐத் தாண்டியிருந்தது. அதாவது 92 எடுத்த இருவரில் ஒருவர் 76 ஆகவும் மற்றவர் 65 ஆகவும் கணிக்கப்படுவர். மாணவரின் பிற ஈடுபாடுகள், அனுபவங்கள் பற்றிய படிவத்துக்கும் மதிப்பு இருந்தது. ஆனால் 11 புள்ளி இடைவெளியைப் படிவத்தால் நிரப்புவது எளிதல்ல.

இம்முறையில் நியாயம் இல்லாமலில்லை. பாடசாலையின் பெயரையோ பெற்றோரின் வசதியையோ அது அளக்கவில்லை. தாராளமாகப் புள்ளி வழங்கும் பாடசாலைகளைத் தேடிப்போவோர் பெறும் அனுகூலத்தையும் அது குறைக்கிறது. ஆனால் தனக்கு முன் அதே வகுப்பறையில் இருந்த, முகமறியாத மாணவர்களின் தோல்விக்கு இன்றைய பிள்ளை கடன் செலுத்துகிறது. கடன் எவ்வளவு என்று 2018 வரை அப்பிள்ளைக்குச் சொல்லப்படவும் இல்லை.

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலம் வேறு வழியைத் தேர்ந்தது. அனுமதியில் இனத்தைக் கருத்திற்கொள்ளக்கூடாதென 1996 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. எந்த உயர்பாடசாலையாயினும் அதன் முதல் 10 வீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. இங்கே பிள்ளை ஒப்பிடப்படுவது தன் வகுப்புத் தோழர்களுடன் மட்டுமே. கறுப்பின, ஹிஸ்பானிய மக்கள் செறிந்து வாழும் பகுதிகளின் பாடசாலைகளுக்கும், தூரத்துக் கிராமப் பாடசாலைகளுக்கும் இது கதவைத் திறந்தது. ஒஸ்ரின் வளாகம் இவ்வாறு வருவோரால் நிரம்பவே, 2009 இல் சட்டம் திருத்தப்பட்டு அங்கு தானியங்கி அனுமதிக்கு உச்சவரம்பு இடப்பட்டது. முதல் 10 வீதம் என்பது அங்கு பின்னர் 6 வீதமாகச் சுருங்கியது. இதற்கும் குறையுண்டு. கடும்போட்டியுள்ள பாடசாலையில் 12ஆம் வீதத்தில் நிற்கும் பிள்ளை தவறவிடப்படுகிறது. அதனால் போட்டி குறைந்த பாடசாலைக்குப் பிள்ளையை மாற்றிய குடும்பங்களும் உண்டு.

ஹார்வர்ட் போன்ற தனியார் நிறுவனங்களில் சூத்திரம் இல்லை. விண்ணப்பத்துடன் பாடசாலையின் விபரக்கோவையும் வருகிறது. அங்கே எத்தனை உயர்மட்டப் பாடங்கள் உள்ளன, இம்மாணவர் அவற்றில் எத்தனையைத் துணிந்து எடுத்தார் என்று வாசிக்கிறார்கள். கிடைத்ததைக் கொண்டு என்ன செய்தாய் என்பதே கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் பதிலை எடைபோடும் தராசு வெளியாருக்குத் தெரிவதில்லை.

தரப்படுத்தலின் வடுவைச் சுமக்கும் சமூகத்துக்கு இவை புதியனவல்ல. 1970 இல் பொறியியல் அனுமதிக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகளும் தேவைப்பட்டன. மொழியை வைத்துப் பிள்ளையை அளந்த முறை அது. ஆனால் பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் அதே மூச்சில் நிராகரிப்பது சரியா? இன்று இலங்கையில் ஏறத்தாழ 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. முல்லைத்தீவும் மன்னாரும் அப்பின்தங்கிய மாவட்டங்களில் அடங்குகின்றன. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்கு ஏணியானதும் புள்ளியைத் திருத்தும் ஒரு விதிதான்.

ஆகவே புள்ளியைத் திருத்தலாமா கூடாதா என்று விவாதிப்பதில் பயன் குறைவு. திருத்தாமல் விடுவதும் ஒரு தெரிவுதான். அதில் வெல்வது தாராளமாகப் புள்ளி வழங்கும் பாடசாலை. எதை ஈடுசெய்யத் திருத்துகிறார்கள் என்றும், அவ்விதி முன்கூட்டியே யாவரும் அறிய எழுதப்பட்டிருக்கிறதா என்றும் நாம் கேட்கவேண்டும். ரெக்ஸாஸின் விதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இலங்கையில் மாவட்ட வெட்டுப்புள்ளிகள் அறிவிக்கப்படுகின்றன. வோட்டர்லூவின் பட்டியலைப் பார்க்கத் தகவலறியும் சட்டம் தேவைப்பட்டது.

ஸ்காபரோவில் இலகுவாகப் புள்ளி கிடைக்கும் தனியார் வகுப்புக்குப் பணம் கட்டும் பெற்றோர் ஒன்றை யோசிக்கலாம். அப்பணம் வாங்கித் தருவது எண்ணை மட்டுமே. அதைப் படிப்பவர், எண்ணுக்குப் பின்னால் எந்தப் பாடசாலை நிற்கிறது என்றும் பார்க்கக்கூடும். கடினமான கணிதத்தில் பிள்ளை உண்மையாகவே எடுக்கும் 85 முதலாம் ஆண்டிலும் கைகொடுக்கும். அத்துடன் அதே பாடசாலையிலிருந்து பின்னால் வரும் பிள்ளைகளின் கணக்கையும் அது கெடுக்காது.